வேரைப் பார்த்தியா? – எங்க ஊர்ப் புற்றுக்காளானின் வரலாறு

ஆண்டு மலருக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருத்தர் வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரணும் என்று கூட்டத்தில் சொன்னப்போ, எங்க குழுவில் எல்லாரும் என்னைக் கை காட்டிட்டாங்க. குழு நோட்டு எழுதுறது நான்தான், அதனால இதையும் நானே எழுதணுமாம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். எங்க ஊரில் கோட்டை இல்லை, கல்வெட்டு இல்லை, ராஜா வந்து போன கதையும் இல்லை. ஒரு ஏரி, ஒரு மாரியம்மன் கோவில், மேட்டுக்காடு, மேட்டுக்காடு முழுக்கப் புற்று. இதில் என்னத்தை வரலாறு என்று எழுதுறது?

நாலு நாள் யோசிச்ச பிறகு புற்றுக்காளான் ஞாபகம் வந்தது. அதுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கு. எங்க ஆயா காலத்துக் கதை இருக்கு, புலவர் காலத்துக் கதை இருக்கு, வெள்ளைக்காரர் எழுதி வைச்ச கதையும் இருக்கு. என் குடும்பத்தையே ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் கொண்டு போய்ப் படுக்க வைச்ச கதையும் அதில் சேர்ந்திருக்கு. எல்லாத்தையும் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

பழைய பாட்டில் காளான்

காளானுக்குப் பழைய தமிழ்ப் பேர் ஆம்பி. பத்தாவது படிக்கும்போது எங்க தமிழ் ஐயா வகுப்பில் ஒரு புறநானூற்றுப் பாட்டின் கதையைச் சொன்னார். பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் குமணன் என்ற வள்ளலைப் பார்த்துத் தன் வீட்டு வறுமையைச் சொல்றார். வீட்டில் சமைச்சு ரொம்ப நாள் ஆச்சு, அடுப்பில் நெருப்பே மூட்டலை, அதனால் அந்த அடுப்பில் காளான் பூத்துக் கிடக்குது என்கிறார். சிறுபாணாற்றுப்படையிலும் ஒரு பாணர் வீட்டு வறுமையைச் சொல்லுமிடத்தில் காளான் வருது.

அன்னைக்கு வகுப்பில் நாங்கள் எல்லாரும் சிரிச்சோம். அடுப்பில் காளான் முளைக்குமா என்று. பின்னால் நான் ஒரு வீட்டுக்கு வாழ வந்து, அரிசி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்த நாளில்தான் அந்தக் கதை எனக்குப் புரிஞ்சது. பாட்டு எழுதினவர் ஆம்பளைதான். ஆனால் பத்த வைக்காத அடுப்பைத் தினமும் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தது அவர் வீட்டுப் பொம்பளைதானே.

ஆயா காலம்

எங்க அம்மாவைப் பெத்த ஆயாவுக்குக் காளான் என்றால் ஒரே ஒரு காளான்தான். புற்றுக்காளான். பேச்சில் புத்துக்காளான். மத்தது எல்லாம் நாய்க்குடை. "அது நாய்க்குடை, தொடாத" என்று சொன்னால் அதோடு பேச்சு முடிஞ்சது. இது நல்லா இருக்குமோ, அதைச் சமைச்சுப் பார்க்கலாமோ என்ற கேள்விக்கே இடம் கிடையாது.

புற்றுக்காளானிலேயே ரெண்டு வகை எங்க பக்கம் உண்டு. ஒண்ணு பெருசு. குடை வெள்ளையா, நடுவில் கூம்பி, அந்தக் கூம்பு மட்டும் கொஞ்சம் பழுப்பு நிறமா இருக்கும். இன்னொண்ணு அரிசிக்காளான். பொடிசு. புற்றைச் சுத்தி அரிசியை வாரி இறைச்ச மாதிரி நூத்துக்கணக்கில் பூக்கும். கூடை நிறையப் பறிச்சாலும் குழம்பு வைச்சால் ஒரு கைப்பிடிதான் வரும்.

ஆவணி, புரட்டாசியில் ராத்திரி இடி இடிச்சு மழை பெஞ்சால் ஆயா தூங்க மாட்டாங்க. இடி இடிச்சால்தான் காளான் பூமியைப் பிளந்துக்கிட்டு வரும் என்பது அவங்க நம்பிக்கை. விடியறதுக்கு முன்னாடி முறத்தையும் ஒரு குச்சியையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. வெயில் ஏறிட்டால் குடை விரிஞ்சு புழு வைச்சிடும். போற இடத்தை யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. ஒவ்வொரு வீட்டுப் பொம்பளைக்கும் ஓர் இடம் உண்டு. ஆயாவுக்குக் கொழிஞ்சிக் கரடு ஓரத்தில் மூணு இடம். அது அவங்க அம்மா காட்டின இடமாம். நிலம் ஆம்பளைப் பேரில் போச்சு. காளான் இடம் மட்டும் அம்மாகிட்ட இருந்து பொண்ணுக்கு வந்தது. அதுக்குப் பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது.

ஆவணி, புரட்டாசி எங்க ஊரில் கஷ்டமான மாசம். ராகி இன்னும் காட்டில் நிக்கும், போன வருஷத்து ராகி குதிரில் தீர்ந்துபோயிருக்கும். அந்த நேரம் பார்த்து இந்தக் காளான் வரும். அடிப்பக்கத்து மண்ணைச் சுரண்டி, மஞ்சள் தண்ணியில் நாலு தடவை அலசி, கையாலேயே நீட்டு நீட்டாகக் கிழிச்சு, சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, மிளகாய் அரைச்சு ஊத்திக் குழம்பு வைப்பாங்க. களிக்கு அதைத் தொட்டுச் சாப்பிட்டால் கறிக்குழம்பு தோத்துப்போகும். புலவர் வீட்டில் காளான் அடுப்புக்குள்ளே பூத்தது. எங்க ஆயா வீட்டில் காட்டில் பூத்த காளான் அணைஞ்ச அடுப்பை எரிய வைச்சது.

ஒரு வழக்கமும் இருந்தது. அதிகமாகக் கிடைச்சால் பக்கத்து வீட்டுக்குக் குடுக்கணும், விக்கக் கூடாது. கர்ப்பமா இருக்கிற பொண்ணு வீட்டுக்கு முதல் கிண்ணம் போகும்.

2017 புரட்டாசி

இப்போ என் தப்பைச் சொல்றேன். மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை.

நான் ஸ்கூலுக்குப் போன பொண்ணு. ஆயா விடியக்காலையில் காட்டுக்குப் போகும்போது நான் தூங்கிக்கிட்டு இருப்பேன், இல்லைன்னா பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருப்பேன். "அவ படிக்கட்டும், எழுப்பாதே" என்று ஆயாவே சொல்லிடுவாங்க. முறத்தில் வந்த காளானைத்தான் நான் பார்த்திருக்கேன், மண்ணில் நின்ன காளானைப் பார்த்ததே இல்லை. முறத்துக்கு வரும்போது வேரெல்லாம் கிள்ளி வந்திருக்கும். அந்த வித்தியாசம் உயிர் போகிற வித்தியாசம் என்று எனக்கு அப்போ தெரியாது.

2017-ல் புரட்டாசி மழை நல்லா பெஞ்சது. எங்க வீட்டுக்குப் பின்னால் எருக்குழி ஓரத்தில் வெள்ளை வெளேர் என்று பெரிய காளான் ஏழெட்டு வந்திருந்தது. சிலது குடை விரிஞ்சு, சிலது மொக்கா இருந்தது. கழுத்தில் வளையம் இருந்தது. ஆயா கொண்டுவரும் காளானிலும் கழுத்தில் வளையம் பார்த்த ஞாபகம். அடியில் மடிப்பெல்லாம் சுத்த வெள்ளை. எனக்குச் சந்தோஷம் தாங்கலை.

அப்பவும் சும்மா சமைக்கலை. யாரோ சொல்லிக் கேட்ட பரிசோதனை எல்லாம் செஞ்சேன். கொதிக்கும்போது வெள்ளிக் கொலுசைப் போட்டுப் பார்த்தேன், கறுக்கலை. பூண்டு போட்டேன், நிறம் மாறலை. மஞ்சள் தூவினேன், அதுவும் மாறலை. சரி, நல்ல காளான்தான் என்று குழம்பு வைச்சு நான், வீட்டுக்காரர், ஏழு வயசுப் பையன் மூணு பேரும் சாப்பிட்டோம்.

ரெண்டு மணி நேரத்துக்குள்ளே பையன் வாந்தி எடுத்தான். அப்புறம் வீட்டுக்காரர், அப்புறம் நான். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில் உருண்டோம். பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்து 108-க்குப் போன் போட்டாங்க. எங்க குழுத் தலைவி அக்கா ராத்திரி பத்து மணிக்குக் குழுப் பெட்டியைத் திறந்து அவசரக் கடனா 3,000 ரூபாய் எடுத்துக் கையில் வைச்சு அனுப்பினாங்க. தீர்மானம் எல்லாம் மறுநாள்தான் எழுதினாங்க.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "மிச்சம் இருக்கா? கொண்டுவாங்க" என்பதுதான். குழம்பு மிச்சம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா டார்ச் அடிச்சுப் போய் எருக்குழியில் நின்ன மீதிக் காளானைப் பறிச்சுக் காகிதத்தில் சுத்திக் கொண்டுவந்தாங்க. விரிஞ்சு முத்தின ஒண்ணு அதில் இருந்தது. அதன் அடிமடிப்பு சாம்பல் கலந்த பச்சை நிறமா மாறியிருந்தது. நான் பறிச்சது எல்லாம் இளசு. அதனால்தான் வெள்ளையா இருந்தது. மாட்டெரு, புல்தரை இருக்கிற இடத்தில் வரும் இந்த விஷக்காளான் முத்தினால்தான் பச்சை காட்டுமாம்.

மூணு நாள் குளுக்கோஸ் ஏறின பிறகு மூணு பேரும் பிழைச்சு வந்தோம். டாக்டர் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே கட்டாயம் எழுதணும். சீக்கிரம் வாந்தி எடுக்க வைக்கிற காளானைவிட மோசமானது, ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழிச்சு வேலையைக் காட்டுகிற காளான். அது கல்லீரலை அழிச்சிடும். நடுவில் ஒரு நாள் வயிறு சரியான மாதிரி இருக்கும், குணமாயிடுச்சு என்று வீட்டுக்குப் போயிடுவாங்க, அப்புறம் காப்பாத்த முடியாது. அந்த விஷம் எவ்வளவு கொதிக்க வைச்சாலும் போகாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஏழைக் குடும்பங்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை.

ஆயா கேட்ட ஒரே கேள்வி

உடம்பு தேற அம்மா வீட்டுக்குப் போனேன். ஆயாவுக்கு அப்போ எண்பது தாண்டிடுச்சு, கண் பார்வை பாதிதான். திட்டுவாங்க என்று நினைச்சேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க.

"வேரைப் பார்த்தியா கண்ணு?"

"எந்த வேரு ஆயா? காளானுக்கு ஏது வேரு?"

ஆயா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "உன்னைத் தூங்க விட்டது என் தப்பு" என்றாங்க.

அது ஆயா தப்பு இல்லை. என்னைப் படிக்க வைக்கணும் என்று ஆசைப்பட்டாங்க. எழுத்து எனக்கு வந்தது, காடு வரலை. ரெண்டும் சேர்ந்து வந்திருக்கலாம், யாருக்கும் அப்போ தோணலை.

அடுத்த வருஷம் மழைக்கு ஆயாவே என்னைக் கரட்டு ஓரம் கூட்டிட்டுப் போனாங்க. நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன், அவங்க எனக்கு இடத்தைக் காட்டினாங்க. கண்ணால் பார்த்ததைவிடக் கையால் தடவித்தான் சொல்லிக் குடுத்தாங்க. குச்சியால் காளானைச் சுத்தி மண்ணை மெல்ல விலக்கி, தண்டு போகிற வழியிலேயே விரலை விட்டுக் கீழே போனாங்க. தண்டு மண்ணுக்குள்ளே முடியலை. எலிவால் மாதிரி மெலிஞ்சு மெலிஞ்சு ஒரு முழத்துக்கும் கீழே போச்சு. கடைசியில் மண்ணுக்குள்ளே ஒரு பொந்து. பொந்தில் பழுப்பு நிறத்தில் துளை துளையாக ஒரு கூடு, அதில் கடுகு மாதிரி வெள்ளை உருண்டைகள், சுத்திக் கரையான் ஓடுது.

"இதுதான் அதுக்குத் தாய் வீடு. இங்க வந்து முடிஞ்சா காளான். முடியலைன்னா நாய்க்குடை" என்றாங்க ஆயா.

அப்புறம் அந்த மண்ணை மறுபடி மூடி, மேலே இலையைப் போட்டு, தொட்டுக் கும்பிட்டாங்க. கூட்டைக் கலைச்சால் அடுத்த வருஷம் வராதாம்.

புத்தகத்தில் ஏறின கதை

ஆயா சொன்னது உண்மையா, வெறும் நம்பிக்கையா என்று எனக்குத் தெரிஞ்சுக்கணும் போல இருந்தது. வேளாண் அறிவியல் நிலையத்துப் பயிற்சிக்குப் போனப்போ கேட்டேன். நூலகத்தில் படிச்சேன், காலேஜ் படிக்கிற தங்கச்சி மகளையும் தேடித் தரச் சொன்னேன். அப்போ கிடைச்ச வரலாறு இது.

நம்ம தமிழ்நாட்டுத் தரங்கம்பாடி 1620-லிருந்து டேனிஷ்காரர் கையில் இருந்தது. அங்கே 1768-ல் கோனிக் என்று ஒரு டாக்டர் வந்தார். செடி கொடி, பூச்சி எல்லாத்தையும் ஆராய்ச்சி பண்ணுகிறவர். தஞ்சாவூர்ப் பக்கத்துப் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து, கரையான் எப்படி வாழுது, கூட்டுக்குள்ளே என்ன இருக்குது என்று 1779-ல் ஜெர்மன் மொழியில் எழுதி வெளியிட்டார். கரையானைப் பத்தி விவரமா வந்த முதல் எழுத்துகளில் அது ஒண்ணு. கூட்டுக்குள்ளே இருக்கிற காளான் பூஞ்சையையும் அதில் எழுதியிருக்கார். எங்க ஆயா விரலால் காட்டினதை, அவர் நம்ம தமிழ் மண்ணிலேயே தோண்டிப் பார்த்து எழுதிட்டார்.

அதுக்குப் பிறகு 1871-ல், இலங்கையிலிருந்து போன மாதிரியை வைச்சு இங்கிலாந்தில் பெர்க்லி, புரூம் என்ற ரெண்டு பேர் அரிசிக்காளானுக்கு அறிவியல் பேர் வைச்சாங்க. 1906-ல் இலங்கைப் பேராதனைத் தோட்டத்தில் வேலை பார்த்த பெட்ச் என்பவர் புற்றுக்குள் வளரும் காளானைப் பத்தித் தனியா ஆராய்ச்சி எழுதினார். 1942-ல் பிரான்ஸ் நாட்டு ரோஜர் ஹெய்ம், இந்தக் காளான் கூட்டத்துக்கே டெர்மிட்டோமைசஸ் என்று குலப்பேர் வைச்சார். கரையான் காளான் என்றுதான் அதுக்கு அர்த்தம். ஆயா வைச்ச பேரேதான்.

எல்லாத்தையும்விட எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான். நம்ம பக்கம் வரும் பெரிய வெள்ளைப் புற்றுக்காளான் ஒண்ணுக்கு 1979-ல்தான் அறிவியல் பேர் கிடைச்சது. சென்னைப் பல்கலைக்கழகத்து நடராஜன் ஐயா, ஹெய்ம் நினைவா டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்று பேர் வைச்சார். 1979-ல் எங்க அம்மாவே அதைப் பறிச்சுச் சமைச்சுக்கிட்டு இருந்தாங்க.

கரையானுக்கும் காளானுக்கும் என்ன சம்பந்தம் என்பதையும் விஞ்ஞானிகள் சொல்லியிருக்காங்க. கரையான் காய்ஞ்ச இலை, தட்டை, கட்டை எல்லாத்தையும் மென்னு கொண்டுவந்து கூடு கட்டுது. அந்தக் கூட்டில் இந்தப் பூஞ்சையை வளர்க்குது. கரையானால் நேரா செரிக்க முடியாத கட்டையைப் பூஞ்சை பதமாக்கிக் குடுக்குது. நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால் கரையான் குடியானவன், காளான் அவன் பயிர். இந்த விவசாயம் சுமார் 3 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஆப்பிரிக்காவில் தொடங்கினதாம். மனுஷன் அப்போ பிறக்கவே இல்லை. மழைக்காலத்தில் பூஞ்சை மேலே குடை விடுது. கெட்டி மண்ணைக் குத்திக்கிட்டு ஒரு முழம் மேலே வரணும் இல்லையா, அதுக்குத்தான் தலையில் கூம்பு. கீழே இருக்கிற கூட்டோடு தொடர்பு விடக் கூடாது, அதுக்குத்தான் எலிவால் வேர். ஆயா காட்டின அடையாளம் ரெண்டும் அதன் பிழைப்பிலேயே இருக்கிற அடையாளம். கரையான் கூட்டில் போய் முடியுற வேரை விஷக்காளானால் போலி பண்ண முடியாது.

அடையாளம் பார்க்கும் முறை

எங்க குழுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைச்சிருக்கிறதை அப்படியே தர்றேன்.

1. பெரிய புற்றுக்காளானுக்கு எலிவால் மாதிரி நீளமான வேர் இருக்கணும். ஒவ்வொரு காளானுக்கும் பார்க்கணும். அந்த இடத்தில் ஒண்ணையாவது கடைசி வரைக்கும் தோண்டி, கரையான் கூட்டில் முடியுதா என்று பார்க்கணும்.

2. தண்டின் அடி குண்டா இருந்தாலோ, அடியில் கிண்ணம், பை, முட்டைத்தோடு மாதிரி எதுவும் இருந்தாலோ தொடவே கூடாது. உயிரைக் கொல்லும் காளான் பலதுக்கு அது அடையாளம். மேலே கிள்ளி எடுத்தால் அந்தக் கிண்ணம் மண்ணிலேயே தங்கிடும், நமக்குத் தெரியாமல் போயிடும். அதனால் கிள்ளிப் பறிக்கக் கூடாது.

3. குடை நடுவில் கெட்டியான கூம்பு இருக்கணும். குடை மேல் பழுப்புச் செதில் ஒட்டின மாதிரி இருந்தால் வேண்டாம்.

4. அடிமடிப்பு வெள்ளையில் தொடங்கி, முத்தும்போது லேசான ரோஸ் நிறம் வரும். பச்சை வந்தால் விஷம். ஆனால் இளசில் ரெண்டும் வெள்ளைதான். மடிப்பை மட்டும் நம்பக் கூடாது.

5. கழுத்து வளையத்தை நம்பக் கூடாது. நல்லதுக்கும் உண்டு, விஷத்துக்கும் உண்டு.

6. எருக்குழி, சாணி, புல்தரை, மரத்தடி இங்கெல்லாம் வந்தது புற்றுக்காளான் இல்லை.

7. வெள்ளி, பூண்டு, மஞ்சள், அரிசி நிறம் மாறுறது, பூச்சி கடிச்சிருக்கிறது, ஆடு தின்னுறது எதுவும் பரிசோதனை இல்லை. என் குடும்பமே சாட்சி.

8. அரிசிக்காளானுக்கு நீள வேர் கிடையாது. பழகின ஆள் கூட இல்லாமல் அதைப் பறிக்கவே கூடாது.

9. சந்தேகம் ஒரு துளி வந்தாலும் கூடை முழுசையும் கொட்டிடணும்.

10. சாப்பிட்டு யாருக்காவது வாந்தி, பேதி வந்தால் உடனே 108. வாந்தி நின்னாலும் போகணும். கூட சாப்பிட்ட எல்லாரும் போகணும். மிச்சக் காளானைக் காகிதத்தில் சுத்தி எடுத்துட்டுப் போகணும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்தப் பத்தையும் படிச்சிட்டு மட்டும் யாரும் காட்டுக்குக் கிளம்பக் கூடாது. தெரிஞ்ச பெரியவங்க கூடப் போய் நாலைந்து மழைக்காலம் பார்த்துப் பழகணும். எழுத்து ஞாபகத்துக்குத்தான்.

குழுவில் நடந்தது

1989-ல் நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் பன்னாட்டு நிதி உதவியோடு அரசு மகளிர் குழுத் திட்டத்தைத் தொடங்கினாங்க. சேமிப்பு, கடன், வட்டி இதுதான் நம்ம பேச்சு. என் விஷயத்துக்கு அப்புறம் எங்க குழுக் கூட்டத்தில் ஒரு நாள் முழுக்கக் காளான் பேச்சு நடந்தது. மூத்த உறுப்பினர்கள் அஞ்சு பேர் ஆளுக்கொரு அடையாளம் சொன்னாங்க. ரெண்டு பேருக்குச் சண்டையே வந்திடுச்சு. ஒரு அத்தை வைக்கோல் போர்க் காளானைச் சின்ன வயசில் சாப்பிட்டதாகச் சொன்னாங்க. இன்னொரு அத்தை, அது நாய்க்குடை, செத்துப்போவீங்க என்று சொன்னாங்க.

விசாரிச்சால் ரெண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கு. வைக்கோல் காளானில் சாப்பிடுகிற வகை உண்டு. கோயம்புத்தூரில் 1943-லேயே அதை வளர்த்துக் காட்டியிருக்காங்க. ஆனால் அதுக்கும் அடியில் கிண்ணம் இருக்கும், அந்தக் கொல்லும் காளானின் மொக்கும் அதே மாதிரி முட்டையா இருக்கும். காட்டில் தானா வந்ததைப் பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம். அதனால் எங்க தீர்மானம், காட்டிலிருந்து புற்றுக்காளான் தவிர வேறெதுவும் வேண்டாம். மத்த காளான் ஆசைப்பட்டால் விதை வாங்கி வளர்த்துக்கலாம். நம்ம குழுக்களில் சிலர் சிப்பிக்காளான் குடில் போட்டிருக்காங்க. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998-ல் வந்த பால்காளான் வெயில் ஊருக்கும் நல்லா வரும். ஆனால் புற்றுக்காளானை மட்டும் யாராலும் குடில் போட்டு வளர்க்க முடியலை. கரையான் இல்லாமல் அது வராது.

அதுதான் எனக்கு இப்போ கவலை. ஆயாவோட மூணு இடத்தில் ஒண்ணு பிளாட் ஆயிடுச்சு. ஒண்ணை டிராக்டர் வைச்சுச் சமன் பண்ணிட்டாங்க. வீட்டைக் கரையான் அரிக்குது என்று மருந்து ஊத்துறோம், அது வீட்டுக்குச் சரி. வரப்பில் இருக்கிற புற்றுக்கும் எதுக்கு ஊத்தணும்? நாகம்மா என்று மஞ்சள் பூசிப் பால் ஊத்துகிற புற்றை மட்டும் யாரும் இடிக்கிறதில்லை. மேட்டுக்காட்டில் மிச்சம் இருக்கிறது அதுதான்.

ஆயா 2020-ல் தவறிட்டாங்க. மிச்சம் இருக்கிற ஒரு இடத்துக்குப் போன புரட்டாசியில் என் பையனையும், அண்ணன் மகளையும் விடியக்காலையில் எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன். பரீட்சை நேரம்தான். ஒரு மணி நேரம் போனால் போகட்டும் என்று எழுப்பிட்டேன். அண்ணன் மகள் குச்சியால் மண்ணை விலக்கி வேரோடு கீழே போய், "அத்தை, கரையான் வந்திடுச்சு" என்று கத்தினாள். பையன் தள்ளியே நின்னான். 2017 அவனுக்கு இன்னும் மறக்கலை. குழம்பு வைச்சப்பவும் அவன் சாப்பிடலை. நான் வற்புறுத்தலை.

சகோதரிகளே, உங்க ஊரிலும் விடியக்காலையில் முறத்தை எடுத்துக்கிட்டுப் போன ஆயா, அம்மாயி யாராவது இருப்பாங்க. அடுத்த மழைக்கு அவங்க கூடப் போங்க. கூட உங்க பொண்ணையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க. அவங்க சொல்றதைக் குழு நோட்டில் எழுதி வைங்க. காட்டிலிருந்து யார் காளான் கொண்டுவந்தாலும், அடுப்பில் ஏத்துறதுக்கு முன்னாடி எங்க ஆயா கேட்ட அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க.

வேரைப் பார்த்தியா?